வாயில்லாச் சீவனுக்கு விடை கொடுக்கும் வேளை



திருவிழாவும் விரதமும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் இடம்பெறும் இந்தப் பக்கங்களிலே ஒரு முயலைப் பற்றி எழுத முன்வந்தமைக்காக முதலில் உங்கள் பொறுமையை வேண்டி நிற்கின்றோம். அண்மையில் அன்னதான வரிசையில் நின்றபோது, எங்கள் வீட்டு முயல் இறந்த கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். முன்னும் பின்னும் நின்ற மூன்று குடும்பங்கள் உடனே தங்கள் வீட்டு நாயின் கதையையும் பூனையின் கதையையும் சொல்லத் தொடங்கின. மூன்று கதைகளும் ஒரே இடத்திலேதான் வந்து முடிந்தன: "ஊசி போட்டு அனுப்பிவிட்டோம். செய்தது சரியோ பிழையோ என்று இன்றைக்கும் தெரியவில்லை."

ஊரிலே இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு எழுந்ததில்லை. நாய் முற்றத்தில் பிறந்து, முற்றத்தில் வளர்ந்து, ஒருநாள் எங்கேயோ போய்ப் படுத்து இறந்துவிடும். இந்த நாட்டிலோ அது வீட்டுக்குள்ளே பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது. முதுமை வந்து நோய் முற்றியதும், "இனி நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்" என்று மிருக வைத்தியர் ஒரு படிவத்தை நீட்டுகிறார். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் படிவத்தில் கையொப்பமிடுவது இலேசான காரியமா? எங்கள் அனுபவம் அந்த மூன்று குடும்பங்களுக்கும், இனி இந்த நிலைக்கு வரப்போகும் மற்றவர்களுக்கும் சிறிதளவாவது உதவக்கூடும் என்றே இதனை எழுதுகிறோம்.

2013ஆம் ஆண்டு எங்கள் மகளுக்கு ஏழு வயது. நாய் வேண்டும் என்று அழுதவளை முயலைக் காட்டிச் சமாதானப்படுத்தினோம். முயல் தனியே வாழும் பிராணி அல்ல, சோடியாகத்தான் வளர்க்க வேண்டும் என்றார்கள். ஆகவே இரண்டு குட்டிகள் வந்தன. வெள்ளைக் குட்டிக்குப் பஞ்சு என்றும் கறுப்புக் குட்டிக்கு எள்ளு என்றும் பெயர் வைத்தவர் அம்மம்மா. "ஊரிலை முயலை வேட்டைக்காரன்ரை கையிலைதான் கண்டனான். இஞ்சை அது கதிரையிலை இருக்குது" என்று ஆரம்பத்தில் பகிடி பண்ணியவரும் அவர்தான். ஆனால் ஒரு வருடத்துக்குள், காலையில் தேவாரம் பாடி முடித்ததும் கொத்தமல்லி இலையோடு கூட்டடிக்குப் போவது அவருடைய வழக்கமாகிவிட்டது.

2019இல் ஒருநாள் மாலை எள்ளு சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கி இருந்தது. காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டோம். காலையில் அது விறைத்துக் கிடந்தது. "நித்திரையிலேயே கஷ்டமில்லாமல் போய்விட்டது" என்று மகளுக்கு ஆறுதல் சொன்னோம். பிறகு வைத்தியர் விளக்கியபோதுதான் உண்மை விளங்கியது. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டிய ஒன்று. அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரமாகக் காட்ட வேண்டும். குடல் நின்று வாயு நிரம்பும்போது வரும் நோவு மிகக் கடுமையானது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி ஆதலால் நோவை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். கத்தாது, முனகாது. அன்றிரவு கூட்டடியில் இருந்த நிசப்தத்தை நாங்கள் அமைதி என்று எடுத்துக்கொண்டோம். "தானாகப் போகட்டும்" என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தைக்குள் என்ன இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தோம்.

முயல்கள் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். 2023இல் பஞ்சுவுக்குப் பத்து வயது. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். பஞ்சுவின் கடைவாய்ப் பற்கள் கோணலாக வளர்ந்து நாக்கைக் குத்தத் தொடங்கின. மயக்க மருந்து கொடுத்து மூன்று தடவை பல்லை அராவினார்கள். பின்னங்கால்களில் வாதம் வந்தது. முதுகை வளைத்துத் தன்னைத் துப்புரவு செய்ய அதனால் முடியவில்லை. கோடையிலே அழுக்கான உரோமத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே புழு பொரித்து உயிரோடு தசையைத் தின்னும் என்று வைத்தியர் எச்சரித்ததால், நாளுக்கு இருமுறை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்தோம். மருந்தையும் கரைத்த உணவையும் ஊசியில்லாச் சிரிஞ்சியால் வாயில் விட்டோம். ஆனி மாதம் பிறக்கும்போது, இரண்டரைக் கிலோவாக இருந்த முயல் ஒன்றேமுக்கால் கிலோவாகிவிட்டது.

"அது கஷ்டப்படுகுது. விடுங்கோ" என்று முதலில் வாய் திறந்தவள் மகள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அம்மம்மா கடுமையாக மறுத்தார். "உயிரைக் குடுக்க ஏலாத நாங்கள் எடுக்கிறது பாவம். அது தன்ரை வினையை அனுபவிச்சுக் கழிக்க வேணும். இடையிலை அறுத்தால், மிச்சத்தை அனுபவிக்கத் திரும்பவும் பிறக்க வேணுமெல்லோ?"

இதனை முதியவர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட நாங்கள் விரும்பவில்லை. பிராரத்த வினை உடலோடு வந்தது, அது நுகர்ந்தே கழிய வேண்டும் என்று சைவ சித்தாந்தம் கூறுகிறது. திருக்குறளிலே கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே உண்டு. ஆனால் காலையும் மாலையும் நோவு மருந்தைப் பஞ்சுவின் வாயில் விட்டவரும் அம்மம்மாதானே! ஓர் உயிரின் துன்பத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்றால் அந்த மருந்தும் பிழை. ஊரில் நம் பெரியோர் கட்டிய வைத்தியசாலைகளும் பிழை. அப்படி நம்மில் யாரும் சொல்வதில்லை. பிராரத்தம் அந்த உயிருடைய கணக்கு. அதை வாசிக்கும் கண் நமக்கில்லை. நாம் இன்று செய்வது நமது கணக்கில் ஏறும் ஆகாமியம். அதற்கு மாத்திரமே நாம் பொறுப்பு. ஆகவே இந்தக் காரியத்தில் நமது மனம் எங்கே நிற்கிறது, யாருடைய நன்மைக்காக இதைச் செய்கிறோம் என்பதையே முதலில் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

அகிம்சைக்காகவே வாழ்ந்த காந்தியடிகளுக்கும் இந்தச் சோதனை வந்தது. 1928ஆம் ஆண்டு சபர்மதி ஆச்சிரமத்தில் ஒரு கன்று தீராத நோயால் துடித்தது. புரண்டு படுக்கவும் அதனால் முடியவில்லை. இனிக் காப்பாற்ற இயலாது என்று வைத்தியர் சொன்ன பின், ஆச்சிரமவாசிகளோடு கலந்து பேசி, ஊசி மூலம் அதன் உயிரைப் போக்கச் செய்தார். நாடெங்குமிருந்து கோபக் கடிதங்கள் வந்தன. அவர் ஒளித்து மறைக்காமல் 'நவஜீவன்', 'யங் இந்தியா' பத்திரிகைகளில் தமது காரணங்களை எழுதினார். கோபத்தாலோ சுயநலத்தாலோ ஓர் உயிரை வதைப்பது இம்சை. வேறு வழியே இல்லாதபோது அந்த உயிரின் துன்பத்தை நீக்குவதற்காகவே செய்வது அவ்வாறானதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். எல்லோரும் அதை ஏற்கவில்லை. நம்மில் சிலர் இன்றும் ஏற்கமாட்டார்கள். அவர்களுடைய மறுப்புக்கும் மதிப்புண்டு.

இந்த நாட்டில் நமக்கு நன்கு தெரிந்த இன்னொரு சம்பவமும் உண்டு. நம்மில் பலர் யாத்திரை போகும் வேல்ஸ் ஸ்கந்த வேல் ஆலயத்தில் ஷம்போ என்ற காளை இருந்தது. மாட்டுக் காசநோய்ப் பரிசோதனையில் அது தேறவில்லை என்று அரசாங்கம் அதைக் கொல்ல உத்தரவிட்டது. ஆலயத்தார் நீதிமன்றம் வரை சென்று போராடினார்கள். 2007 ஜூலையில், பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கையில் அதைக் கொண்டுபோனார்கள். அந்தக் காளைக்கும் காந்தியடிகளின் கன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கன்றின் உயிர் போக்கப்பட்டது அதன் சொந்தத் துன்பத்தை முன்னிட்டு. காளையின் உயிர் எடுக்கப்பட்டது மற்ற மாடுகளுக்கு நோய் பரவும் என்ற அச்சத்தினால். இரண்டையும் ஒரே தராசில் போடலாகாது. ஊசி ஒன்றுதான், காரணங்கள் வேறு.

அப்படியானால் எங்கள் காரணம் என்ன? உண்மையைச் சொல்கிறோம். நாங்கள் களைத்துப் போயிருந்தோம். வேலையால் வந்து கழுவித் துடைத்து, நள்ளிரவில் எழுந்து உணவூட்டி, வைத்தியச் செலவும் கூடிக்கொண்டே போயிற்று. "விட்டுவிடலாம்" என்ற எண்ணம் வரும்போதெல்லாம், இது பஞ்சுவுக்காகவா, எங்கள் நித்திரைக்காகவா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

அதற்கிடையில் ஒரு நாள் இரவு, கோப்பை கழுவிக்கொண்டிருக்கையில் அம்மம்மா மெல்லக் கேட்டார்: "எனக்கும் ஏலாமல் போனால் இப்பிடித்தான் கூடிக் கதைச்சு முடிவெடுப்பியளோ?"

நாங்கள் அதிர்ந்துவிட்டோம். எத்தனை நாளாக இந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்தாரோ! வீட்டில் வயோதிபர் இருக்கையில், நோயுற்ற பிராணியைப் பற்றி அவர் காதுபடப் பேசும் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் தமக்கும் சேர்த்தே கேட்கிறார் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அன்று அவருக்கு அருகில் இருந்து நீண்ட நேரம் கதைத்தோம். மனிதருக்கு நோவு வந்தால் எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது, எதைத் தாங்கலாம் என்று சொல்ல வாய் இருக்கிறது. தம் விருப்பத்தைத் தாமே தீர்மானிக்கும் புத்தி இருக்கிறது. நோவைத் தணித்து இறுதிவரை தாங்கிப் பராமரிக்கும் வைத்தியமும் வளர்ந்திருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் தென் லண்டனில் அதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். காந்தியடிகளும் கன்றைப் பற்றி எழுதியபோது இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியே இருந்தார். "உங்களுக்காக நாங்கள் முடிவெடுக்க மாட்டோம், அம்மா. உங்களைக் கேட்போம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கைகளைத் துடைத்துக்கொண்டு போய்ப் பஞ்சுவுக்கு அருகில் இருந்தார்.

பிறகு வைத்தியசாலைத் தாதி ஒரு வழி சொன்னார். அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டிருக்கிறார். நோவு, பசி, நீர், துப்புரவு, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்ற ஏழு விடயங்களுக்கும் பத்துப் பத்துப் புள்ளிகள். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணிப்பு. எண்களால் ஓர் உயிரை அளக்க முடியாதுதான். ஆனால் தினமும் உற்றுப் பார்க்க அது நம்மைப் பழக்குகிறது. மகள் ஆலய நாட்காட்டியை எடுத்தாள். பஞ்சு தானாக இலை தின்று, அம்மம்மாவைக் கண்டு தலையைத் தூக்கிய நாளுக்குப் பச்சை அடையாளம். கூனி இருந்து, கண்ணை அரைவாசி மூடி, பல்லை நறநறவென்று கடித்த நாளுக்குச் சிவப்பு அடையாளம். தடவும்போது பல் மெல்ல அதிர்ந்தால் அது சந்தோஷம். உரக்க நெரித்தால் அது நோவு என்று அறிந்துகொண்டோம்.

மூன்றாவது வாரம் முழுவதும் சிவப்பு. வியாழக்கிழமை வைத்தியரிடம் போனோம். "இனி மருந்து அதற்கு உதவாது. நாளைக்கே செய்யலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தேர். அம்பாள் தேரேறும் வேளையில் வீட்டில் ஒரு சாவா, துடக்காகிவிடுமோ, வரும் விருந்தினருக்கு என்ன சொல்வது என்று தயங்கினோம். "திங்கட்கிழமை கொண்டுவருகிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த நாலு நாளும் பஞ்சுவுக்காக அல்ல. சனிக்கிழமை இரவு வீடு நிறைய விருந்தினர். அவர்கள் படுத்த பின் கூட்டடிக்குப் போனபோது இருட்டில் பல் நெரியும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வடம் பிடித்தோம், அர்ச்சனை செய்தோம், அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. வாயில்லாச் சீவனிடத்தில் இரக்கம் காட்டென்று கேட்டு வளர்ந்த நாங்கள், அதன் நோவை எங்கள் வசதிக்காக நாலு நாள் நீட்டினோம். கொல்வது பாவம் என்று அஞ்சியவர்களுக்கு, காத்திருக்க வைப்பதும் ஒரு செயல்தான் என்பது தெரியாமல் போயிற்று.

அன்று இரவு அம்மம்மா, தாம் இதுவரை எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவு. வீட்டிலே நிறைமாதப் பசு ஒன்று நின்றதாம். கூட்டிக்கொண்டு போக வழியில்லை. கயிற்றை அவிழ்த்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் படலையைத் திறந்து வைத்துவிட்டு வந்தாராம். "அது படலை மட்டும் என்னோடை வந்தது. நான் அதைக் கொல்லேல்லை. ஆனால் அதுக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. அந்த நேரம் அதோடை ஒருத்தரும் இல்லை." சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "நாளைக்கு நானும் வாறன். அதைத் தனிய விட ஏலாது."

திங்கட்கிழமை காலை அம்மம்மா திருநீறு பூசி, கொத்தமல்லி இலையோடு வந்தார். வைத்தியர் நடக்கப்போவதை முன்பே சொன்னார்: முதலில் நித்திரைக்கான ஊசி, அது அயர்ந்து தூங்கிய பின் காதோர நரம்பில் இரண்டாவது ஊசி. பஞ்சு இலையைத் தின்னவில்லை, மணந்து பார்த்தது. அம்மம்மாவின் மடியில் பழைய பருத்திச் சேலைத் துண்டிலே அது தூங்கிற்று. அவருடைய கை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தது; உதடு எதையோ முணுமுணுத்தது. பல் நெரியும் சத்தம் நின்றது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

எங்கள் சொந்தத் தோட்டத்தில் நரி தோண்டாதபடி ஆழமாகக் குழி வெட்டி அடக்கம் செய்தோம். மறுநாள் துடக்குப் பற்றி ஆலயத்து ஐயாவைக் கேட்டோம். "அதெல்லாம் உறவுமுறைக்குச் சொன்னது. குளித்துவிட்டு வாருங்கள்" என்றார். வியாழக்கிழமையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எப்போது விடை கொடுப்பது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் நாளும் நட்சத்திரமும் கிடையாது. ஆயினும் எங்கள் மனதில் தெளிந்ததைச் சொல்கிறோம். மிஞ்சியிருக்கும் நாட்களில் அந்த உயிருக்கென்று ஏதாவது இருக்கிறதா, ஒரு வாய் இலையோ, வெயிலில் ஒரு நிமிடமோ, பழகிய கையின் தடவலோ? இருக்கும்வரை நமது களைப்பும் செலவும் காரணமாகா, பராமரிப்பதே தருமம். அதற்கென்று ஒன்றுமே மிஞ்சாமல், நமக்காக மட்டுமே அது இருத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும் நாளே விடை கொடுக்கும் நாள். அதற்கு ஒரு நாள் முந்துவது பிழை என்றால், ஒரு நாள் பிந்துவதும் பிழைதான்.

கொல்லாமையை முன்னிட்டு ஊசிக்கு உடன்படாத குடும்பங்களும் இருப்பீர்கள். அப்படியானால் நோவு மருந்தில் குறை வைக்காதீர்கள். இரவில் தனியே விடாதீர்கள். பிள்ளைகளுக்கு "தூர இடத்துக்குப் போய்விட்டது" என்று பொய் சொல்லாதீர்கள்; அவர்கள் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லி, விடைபெற இடம் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வியை நீங்களே முதலில் கேளுங்கள்.

எங்கள் வீட்டுத் தோட்டத்து மூலையில் இப்போது கொத்தமல்லி நிற்கிறது. அம்மம்மா தூவியது. காலையில் தேவாரம் முடிந்ததும் அவர் இன்றும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்.